அப்பா நிலத்துக் காசில் விமானம் ஏறினோம்

எங்கள் வீட்டில் அந்தப் பழைய நகைச்சுவைப் படம் எல்லோருக்கும் மனப்பாடம். ஒன்றுமில்லாத ஒருவனுக்குத் திடீரென்று பெரும் பணம் வந்துவிடும். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குவான், தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு விருந்து வைப்பான். பண்டிகை நாளில் டிவியில் போட்டால் என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் வசனத்தை முந்திக்கொண்டு சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், போன வருஷம் வரைக்கும்.

நானும் என் தங்கையும் சோழபுரத்தில் பிறந்தவர்கள். கூடப் பிறந்த ஆண்கள் யாரும் கிடையாது. நான் ராஜபாளையத்தில் வாக்கப்பட்டவள். பேண்டேஜ் துணி மடித்துப் பாக்கெட் போடும் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். தங்கை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலை எடுத்துக் காட்டுகிறாள். அப்பா விட்டுப்போன நிலத்தின் வழியாக நான்கு வழிச்சாலை வந்தது. நிலத்தை எடுத்துக்கொண்டு எங்கள் இருவர் பேரிலும் பணம் போட்டார்கள்.

என் பங்கில் பெரும்பகுதியை மகள் படிப்புக்கென்று வங்கியில் போட்டேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடுத்தாற்போல் கொழுந்தன் மகளுக்குச் சடங்கு வந்தது. நான் காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் தம்பியிடம் சொன்னார்: "ஒங்க மதினி செய்முறை இந்தத் தடவ ஊரே பேசுற மாதிரி இருக்கும்லே." என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் காசில் சாரட் வண்டி வந்தது. செண்டை மேளம் வந்தது. தலைக்கு மேல் டிரோன் பறந்து படமெடுத்தது. தெருமுனையிலிருந்து மண்டபம் வரைக்கும் பிளெக்ஸ். அதில் மீசை வைத்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் கும்பிட்டபடி நின்றார்கள். சாரட்டில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளை கூச்சத்தில் தலையை நிமிர்த்தவே இல்லை. ஆனால் வந்தவர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "கவுரவமா செஞ்சிட்டாங்க" என்று சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மீதியிருந்த பணம் கொஞ்சம்தான். அந்தச் சமயத்தில் ஒரு நாள் தங்கை போனில் பேசினாள். கடைக்கு வந்த ஒரு அம்மா, காலையில் விமானத்தில் சென்னைக்குப் போய் மறுநாள் திரும்பியதை ஏதோ சந்தைக்குப் போய் வந்ததுபோல் சொன்னாளாம்.

"ஏக்கா, உள்ள எப்பிடி இருக்கும்?"

"போய்ப் பாத்தாத்தான தெரியும். போவமாடி?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். ஆனால் கேட்ட பிறகு எனக்கே விட மனசில்லை.

என் வீட்டுக்காரரிடம் மறைக்கவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நானும் தங்கச்சியும் பிளைட்டுல சென்னைக்குப் போயிட்டு வாரோம்" என்றேன். "போ போ, அமெரிக்காவுக்கே போயிட்டு வா" என்று ரசத்துக்குக் கையை நீட்டினார். தங்கையால் அப்படிச் சொல்ல முடியவில்லை. மாமியாரிடம், அக்கா வீட்டில் ஒரு நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

மதுரை வரைக்கும் பஸ்தான். விமானம் ஓட ஆரம்பித்ததும் தங்கை என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. மேலே போன பிறகு அவள் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். டீ வாங்கினோம். வெந்நீரையும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் கொடுத்தார்கள். "இதுல டீ எங்கக்கா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். சென்னையில் கடலில் கால் நனைத்தோம், லாட்ஜில் ஏசி போட்டுப் பத்து மணி வரை தூங்கினோம். கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவ்வளவு நேரம் தூங்கியதில்லை என்றாள் தங்கை. அன்று சாயங்காலமே திரும்பிவிட்டோம்.

விமானத்துக்குள் எடுத்த படத்தைத் தங்கை ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். நாங்கள் மதுரையில் இறங்குவதற்குள் இரண்டு ஊருக்கும் தெரிந்துவிட்டது.

பிறகு தொடங்கியது கேலி. கம்பெனியில், தெருவில், கொழுந்தன் வீட்டில், எங்கே போனாலும் அந்தப் படத்துக் கதாநாயகனின் பெயர்தான் எனக்கு. "மதினி, அடுத்து கப்பலா?" என்பான் கொழுந்தன். பொங்கலன்று டிவியில் அந்தப் படம் வந்தது. வீடு நிறைய ஆட்கள். சமையலறையில் இருந்த என்னை அவன் சத்தம் போட்டுக் கூப்பிட்டான்: "வாங்க மதினி, ஒங்க படம் ஓடுது."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும்தான். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து டிவியை அணைத்தேன்.

"ஒங்க மக சடங்குக்குக் குதிர வந்துச்சுல்ல, அது யார் காசு தம்பி?" என்றேன். "எங்கப்பா வெயில்ல நின்ன நெலம் அது. அந்தக் காசுல நீங்க செண்டை அடிச்சா கவுரவம். அவரு பெத்த புள்ளைக ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் உக்காந்து போனா சிரிப்பா? எம்புட்டு நாளைக்குச் சிரிப்பீக?"

கொழுந்தன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். "நல்ல நாளும் அதுவுமா ஏம்மா இப்பிடி?" என்றார் என் வீட்டுக்காரர். அவன் கூப்பிட்டுக் கேலி செய்தபோது அது நல்ல நாள் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அந்தக் கோபத்தோடே மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். தங்கையின் போனை மாமியார் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். போனதும் கேட்டேன். "வீட்டுப் பொம்பள ஊர் சிரிக்க ஆகாயத்துல பறந்தா, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமோ?" என்றார் அந்த அம்மா. நான் பதிலுக்குக் குரலை உயர்த்தினேன். அப்போது தங்கை என்னை வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"சத்தம் போடாதக்கா. நான் மன்னிப்புக் கேட்டுட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அடித்திருப்பேன். "எதுக்குடி கேட்ட? யார் காசுல போன?"

அவள் நிதானமாகச் சொன்னாள்: "போனதுக்குக் கேக்கலக்கா. ஒன் வீட்டுக்குப் போறேன்னு பொய் சொன்னேன்ல, அதுக்குத்தான் கேட்டேன். போனதுக்குக் கேக்கச் சொன்னாக, மாட்டேன்னுட்டேன். அதான் போனு பூட்டுல இருக்கு."

கத்தியது நான், அங்கே இருந்துகொண்டே மாட்டேன் என்று சொன்னது அவள். நான் போய் வந்த எட்டாம் நாள் அவள் வீட்டுக்காரரே பீரோவைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்தாராம்.

கொழுந்தன் அதன்பிறகு எங்கள் வீட்டுப்பக்கம் வரவில்லை. "சின்னவன் மனசு சங்கடப்பட்டுட்டான். நீ போய் ஒரு வார்த்த பேசிட்டு வந்துரு" என்று என் வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்கிறார். என் மனசு சங்கடப்பட்டதா என்று இதுவரை அவர் கேட்டதில்லை. நான் போகவில்லை. போகிற எண்ணமும் இல்லை.