பதுளை வீதியில் கொதித்த வீட்டு பஸ்

கராஜுக்கு வருகிறவர்கள் வண்டியின் நோயைச் சொல்வது குறைவு, மருந்தைத்தான் சொல்வார்கள். பம்பை மாற்று, கேஸ்கட்டைப் போடு என்று அவர்களே முடிவெடுத்துக்கொண்டு வருவார்கள். என்ன நடக்கிறது, எப்போது நடக்கிறது என்று நாங்கள் கேட்டால் முகம் சுருங்கும். நீங்கள் வைத்தியராகவோ, தையற்காரராகவோ, போன் திருத்துகிறவராகவோ இருந்தால் இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை. தேற்றாத்தீவில் பிரதான வீதியோரம் டீசல் வண்டிகள் திருத்துகிற எனக்கு இது பழகிப்போன சங்கதி. ஆனால் ஒரு பஸ், என்னையே அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது.

கட்டிலோடு வந்த பஸ்

பாக்கியராசா அண்ணன் களுவாஞ்சிகுடிக்காரர். படுவான்கரை வயல்வட்டைகளிலிருந்து நெல் மூட்டை ஏற்றி லொறி ஓட்டிய மனிதர். ஒருநாள் காலையில் பழைய டீசல் பஸ் ஒன்றைக் கொண்டுவந்து கராஜ் வாசலை அடைத்து நிறுத்தினார். உள்ளே ஏறிப் பார்த்தேன். சீட்டுகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சாரதிக்குப் பின்னால் ஒரு கட்டில், எதிரே ஒரு நீள வாங்குப் பலகை, கடைசியில் கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, கை கழுவத் தொட்டி. ஒரு குடித்தனமே நடத்தலாம். ஊரில் அதற்கு வீட்டு பஸ் என்று பேர் விழுந்திருந்தது. கட்டிலில் அவருடைய மனைவி தங்கமலர் அக்கா படுத்திருந்தார்.

அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் சத்திரசிகிச்சை செய்தவர். கொஞ்ச நேரத்துக்கு மேல் நிமிர்ந்து உட்கார ஏலாது. ஒரே மகள் கோமதி, மாப்பிள்ளையின் வேலை காரணமாகப் பண்டாரவளையில் இருக்கிறாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து சேருவார். தலைப்பிள்ளையும் தாயின் கண்முன்னால்தான் பிறக்கும். கோமதிக்கோ, பிள்ளை பிறக்கும்வரை கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகளால் வர முடியாது, தாயால் உட்கார்ந்து போக முடியாது. அதற்காகத்தான் அண்ணன் இந்த பஸ்ஸைச் செய்வித்திருந்தார். முதல் பயணத்திலேயே பிபிலை தாண்டி மலை தொடங்கியதும் தண்ணீர் கொதித்து, பாதியில் திரும்பி வந்திருக்கிறார்கள். பிள்ளை பிறக்க இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. அம்புலன்ஸ் ஒன்று பிடித்துப் போகலாமே என்று நான் கேட்டேன். அக்கா படுத்தபடியே தலையைத் திருப்பினார்.

"அம்புலன்சில போய் இறங்கினா, அதைக் கண்டே புள்ளைக்கு வயித்துக்குத்து வந்திடும் தம்பி."

உப்பு

என்ஜின் மூட்டில் தண்ணீர் கசியாமல் அடைக்கிற கேஸ்கட் போய்விட்டது என்பது பாக்கியராசா அண்ணனின் கட்சி. காற்றாடிப் பட்டி தளர்ந்திருக்கும் என்பது எதிர்க்கடைக்காரரின் கட்சி. தேத்தண்ணீர் குடிக்க வந்த ஓட்டோக்காரர் ஒருவர், பஸ்ஸைத் தொட்டும் பார்க்காமல், என்ஜினையே மாற்றச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என்ஜின் ஓடும்போது தண்ணீரில் குமிழி இல்லை. எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. கேஸ்கட் நன்றாக இருந்தது. பட்டியும் சரி. தண்ணீர்ப் பம்ப் கொஞ்சம் தேய்ந்திருந்தது, மாற்றினேன்.

பம்பைக் கழற்றியபோது தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய குழியையும் திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது. தெர்மோஸ்டாட் என்பது, என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மறித்துவைக்கிற சின்ன வால்வு. எங்கள் ஊரில் வண்டி வாங்கியதும் முதலில் அதைக் கழற்றி எறிவோம். பனி கொட்டுகிற நாட்டுக்குத்தான் அது, வெயில் கொளுத்துகிற மட்டக்களப்பில் தண்ணீரை மறிக்க எதற்கு ஒரு வால்வு என்பது எங்களுடைய நியாயம். முன்னம் பார்த்தவன் விஷயம் தெரிந்தவன் என்று நினைத்து மூடிவிட்டேன்.

அடுத்து ரேடியேட்டரைக் கழற்றி காத்தான்குடியில், அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற ஹனிபா காக்காவிடம் கொண்டுபோனேன். ரேடியேட்டர் என்றால் எங்கள் பக்கம் முழுக்க அவரிடம்தான் போகும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே குடியிருக்கிற நாங்கள் அள்ளி ஊற்றுகிற கிணற்றுத் தண்ணீரின் குணம் அவருக்குத் தெரியும். மேல்மூடியை வெட்டித் திறந்ததும் குழாய்களின் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. நோய் கிடைத்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். காக்கா கம்பியை விட்டுக் குடைந்து சுத்தம் செய்து திருப்பித் தரும்போதுதான் என் சந்தோஷத்தில் தண்ணீரை ஊற்றினார்.

"உப்பு நிறையத்தான் இரிக்கி தம்பி. ஆனா இதைவிட மோசமான ரேடியேட்டரோட நுவரெலியா போய் வந்தவனும் இரிக்கான்."

மேடு இல்லாத ஊர்

இனிச் சோதித்துப் பார்க்கவேண்டும். இங்கேதான் எங்கள் தொழிலுக்கே உரிய ஒரு சங்கடம். மேட்டில் கொதிக்கிற வண்டியைச் சோதிக்க ஒரு மேடு வேண்டும். தேற்றாத்தீவிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் வீதியைப் பாய் விரித்த மாதிரித்தான் போட்டிருக்கிறது. எங்கள் ஊரில் உயரமானவை தென்னைமரமும் கோயில் கோபுரமும்தான். இரண்டிலும் பஸ் ஏறாது.

கடைசியில் கல்லடிப் பாலத்துக்குக் கொண்டுபோனேன். வெறும் பஸ்ஸின் பாரம் காணாது என்று பாக்கியராசா அண்ணன் நெல் மூட்டைகளை ஏற்றியிருந்தார். பாலத்தின் ஏற்றம் ஒரு மூச்சுக்குக் காணாது. ஏறி இறங்கி, திருப்பி, மறுபடி ஏறி இறங்கி, காலை முழுக்க அதே வேலை. சூடு காட்டும் ஊசி அடியிலேயே கிடந்தது, அசையவே இல்லை. கீழே கிடக்கிற ஊசியைக் கண்டு யார் கவலைப்படுவார்கள்? எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. பாலத்தின் முடிவில் நின்ற பொலிஸ்காரர் எங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கை காட்டி நிறுத்தினார். ஜன்னலால் எட்டிப் பார்த்தார். கட்டில், அடுப்பு, நெல் மூட்டை.

"வீடு மாறுறதெண்டா ஒரு பக்கம் போங்க ஐயா, ரெண்டு பக்கமும் போறீங்களே."

லுணுகலை ஏற்றம்

அந்த ஊசியை நம்பித்தான் இரண்டாம் பயணம் புறப்பட்டோம். அண்ணன் ஓட்டினார், நான் முன்னால் இருந்தேன், அக்கா கட்டிலில். கோமதிக்குக் கொண்டுபோக நல்லெண்ணெய், பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கிற சரக்குத்தூள், கருவாடு என்று வாங்கின் கீழே ஒரு கடையே இருந்தது. செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பி மகா ஓயா, பிபிலை வரைக்கும் ஊசி அதே இடத்தில். நான் காலை நீட்டிப் பாட்டுக்கூடக் கேட்டேன். லுணுகலை ஏற்றம் தொடங்கியது. இரண்டு வளைவு ஏறுவதற்குள் ஊசி எழும்பியது. மூன்றாவது வளைவில் சிவப்பைத் தொட்டது. பஸ்ஸை நிறுத்தி இறங்குவதற்குள் ஆவி கண்ணாடியை மறைத்துவிட்டது.

வீதியோரம் கல் வைத்து நிறுத்திவிட்டு ஆறும்வரை காத்திருந்தோம். அண்ணன் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். செய்ய ஏலுமான அத்தனையும் செய்துவிட்டேன், இனி எதைக் கழற்றுவது என்று எனக்கே தெரியவில்லை. வெட்கத்தில் பஸ்ஸின் மறுபக்கம் போய் நின்றேன். அப்போது கோமதி போன் எடுத்தாள். எவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள் என்று கேட்டிருக்கவேண்டும். ஜன்னல் வழியாக அக்காவின் குரல் எனக்குக் கேட்டது.

"அப்பாக்குப் பசிக்குதாம் புள்ள, சோறு தின்ன நிப்பாட்டியிருக்கம்."

ஆறிக்கிடந்த எண்ணெய்

ஊருக்குத் திரும்பி வரும் வழியில், மகா ஓயாவுக்கு இந்தப் பக்கம், அக்கா என்னிடம் ஒரு சின்ன உதவி கேட்டார். முதுகுக்குத் தடவுகிற எண்ணெய்ப் போத்தலைக் கொஞ்சம் வெயிலில் வைத்துத் தரமுடியுமா என்று. வெயிலில் எதற்கு, என்ஜின் மூடியில் வைத்தால் நிமிஷத்தில் சூடாகிவிடுமே என்றேன். அங்கேதான் போகும்போதும் வைத்திருந்ததாகவும், பிபிலை வரைக்கும் அது சூடாகவே இல்லை என்றும் அவர் சொன்னார். இந்த பஸ்ஸின் மூடி குளிராகத்தான் இருக்கும் என்றார்.

நான் மூடியில் கை வைத்தேன். பஸ்ஸில் முன்சீட்டுக்கு ஆசைப்பட்டு என்ஜின் மூடியோரம் உட்கார்ந்து தொடை வெந்தவர்கள் நம்மில் எத்தனை பேர். இந்த மூடியில் ஒரு குழந்தையைத் தூங்கவைக்கலாம். இவ்வளவு தூரம் ஓடிய டீசல் என்ஜின் இப்படி இருக்கவே கூடாது. மேட்டில் கொதிக்கிறது என்ற ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்த நான், சமதரையில் அது சூடாகவே மாட்டேன் என்கிறதைப் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே நோய்.

கராஜுக்கு வந்ததும் அந்தக் காலிக் குழியை மறுபடி திறந்தேன். உள்ளே பக்கவாட்டில் ஒரு சின்னத் துவாரம். ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் என்ஜினுக்கே திரும்புகிற குறுக்குவழி அது. இந்த வகை என்ஜினில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை: சூடானதும் ரேடியேட்டரின் வழியைத் திறக்கும், அதே நேரம் தன் அடிக்காலால் அந்தக் குறுக்குவழியை அடைக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் இரண்டு வழியும் எப்போதும் திறந்தே கிடக்கும். சமதரையில் ரேடியேட்டருக்குப் போகிற பங்கே என்ஜினைக் குளிராக்கப் போதும், தேவைக்கு மிஞ்சியும் போகும். மலையில் அது காணாது. மீதித் தண்ணீர் ஆறாமலே உள்ளுக்குள் சுற்றிக் கொதிக்கும். மேடே இல்லாத ஊரில் இருந்துகொண்டு நாங்கள் காலங்காலமாக அந்த வால்வைக் கழற்றுகிறோம். ஒரு வண்டியும் எங்களிடம் முறையிடவில்லை. தெர்மோஸ்டாட் வாங்கக் காத்தான்குடிக்குப் போனபோது ஹனிபா காக்காவிடமும் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை.

"இந்த வெயிலுக்குள்ள என்ஜினுக்குப் போர்வை போத்தப் போறியா தம்பி?"

படிகள்

தெர்மோஸ்டாட் என்ற அந்தப் போர்வையைப் போர்த்தி மூன்றாம் பயணம் போனோம். இந்தமுறை செங்கலடி தாண்டுவதற்குள் ஊசி நடுவுக்கு வந்தது. அண்ணன் பயந்து என்னைப் பார்த்தார். அங்கேதான் இருக்கவேண்டும் என்றேன், எனக்கும் பயம்தான். லுணுகலையில் முழுப் பாரத்தோடு ஏறினோம். ஊசி நடுவிலேயே நின்றது. பசறை, பதுளை, மேலே பண்டாரவளை. ஒரு துளி தண்ணீர் சிந்தவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு பெருமையாக நான் எந்த ஊருக்குள்ளும் நுழைந்ததில்லை.

மாப்பிள்ளை வீதியில் காத்துக்கொண்டு நின்றார். வீடு எங்கே என்று கேட்டோம். அவர் மேலே காட்டினார். மலைச்சரிவில், செங்குத்தாக வெட்டிய படிகளுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் ஒரு சின்ன வீடு. நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். வீட்டு வாசலில் வண்டி நிற்கும் என்பதைத் தவிர வேறு ஒன்று இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. மாப்பிள்ளையும், கட்டில் வைத்த பஸ்ஸில் வருகிறவர்கள் ஏறுவதற்கும் ஏதோ வழி வைத்திருப்பார்கள் என்று நினைத்துவிட்டார். அக்காவைக் கதிரையில் வைத்துத் தூக்கலாம் என்றால், அந்தக் குலுக்கலை அவருடைய முதுகு தாங்காது. கோமதி இறங்கவும் கூடாது. அவள் மேலே ஜன்னலோரம் கட்டிலில் படுத்திருந்தாள். அக்கா கீழே பஸ் ஜன்னலோரம் படுத்திருந்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போனில் கதைத்தார்கள். பாக்கியராசா அண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மலை ஏறத்தான் யோசிச்சம் தம்பி, வீடு ஏற யோசிக்கல்ல."

எதிர் வாங்கு

எனக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. வழியில் வண்டி மக்கர் பண்ணினால் என்று ஒரு சாட்டுச் சொல்லி நின்றுவிட்டேன். அண்ணன் பஸ்ஸில் சமைத்து மேலே சாப்பாடு கொண்டுபோவார், கோமதி சாப்பிடுவதைக் கீழேயிருந்து அக்கா பார்ப்பார். மலைக்காற்றுக்கு அக்காவின் முதுகு நொந்தது, முகத்தில் காட்டமாட்டார். டொக்டர் சொன்ன நாளுக்கு முன்பே, ஒரு விடிகாலையில் கோமதிக்கு வலி வந்தது. மாப்பிள்ளை ஓட்டோ கூப்பிட போன் எடுத்தார். அக்கா கீழேயிருந்து சத்தம் போட்டார், எதற்கு ஓட்டோ என்று.

அயலவர்கள் கதிரையில் வைத்து ஒவ்வொரு படியாகக் கோமதியை இறக்கி, அக்காவின் கட்டிலுக்கு எதிரே அந்த நீள வாங்கில் கிடத்தினார்கள். அண்ணன் சாரதி சீட்டில் ஏறிவிட்டு மறுபடி இறங்கினார். சாவியை என்னிடம் நீட்டினார். ஆஸ்பத்திரிக்குத் தூரமில்லை, ஆனால் முழுக்க வளைவும் ஏற்றமும். பேத்தி நல்லபடி பிறந்ததும், தாயும் பிள்ளையும் சுகமாக இருந்ததும் பிறகு நடந்தது. எனக்கு மறக்காதது அந்த ஓட்டம்தான். கோமதி அம்மா, அம்மா என்று முனகிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். நடுவிலிருந்த இடைவெளிக்கு மேலால் இரண்டு பேரும் கை கோத்திருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வளைவு வேறு வந்தது. அக்கா மெதுவாகத்தான் சொன்னார்.

"எழும்பி உனக்கொண்டும் செய்ய ஏலாது மகள், பக்கத்தில கிடக்கிறன்."

வண்டி எங்கே கொதிக்கிறது என்று கண்டுபிடிக்க இத்தனை பாடுபடுகிற எங்கள் தொழிலில், அது எங்கே போய் நிற்கப்போகிறது என்று கேட்கிற வழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.