திரும்பி உட்கார்ந்த வகுப்பு

பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ப்ச் டீச்சர்'. கணக்கு தப்பினாலும் ப்ச், மின்விசிறி நின்றாலும் ப்ச். மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்த நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தில் அவள் பல வருடங்களாகக் கணக்கு நடத்திவந்தாள். பிள்ளைகள் மேல் வந்த எரிச்சலைவிட முதலாளி மேல் வந்ததுதான் அதிகம்.

அவர் ஏற்பாடு அப்படி. வாரத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்படி இடம் மாறும். அதிகம் வாங்கியவர்கள் முதல் பெஞ்சு, குறைந்தவர்கள் பின்சுவரோரம்.

"போட்டி இருந்தாத்தான் டீச்சர் பசங்க ஓடுவாங்க."

"ஓடத்தான் செய்றாங்க சார், வீட்டைப் பார்த்து."

அது அவர் காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டார்.

தையல்காரர் மகள் முதல் பெஞ்சை விட்டு அசையாதவள். ஒரு திங்கட்கிழமை அவளையும் சுவரோரம் போகச் சொன்னார்கள். பையை எடுத்தவள் பின்னால் போகவில்லை. நேரே கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

டீச்சர் கதவைத் தட்டினாள். "வெளிய வாடி."

"வரமாட்டேன் டீச்சர். எல்லாரும் என்னையே பாப்பாங்க."

"உன்னைப் பாக்க யாருக்கு நேரம் இருக்கு? அவங்கவங்க மார்க்குக்கே அவங்கவங்க அழுதுட்டிருக்காங்க."

டீச்சர் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். "உங்கப்பாவுக்கு அளவு தப்பினதே இல்லையா? பிரிச்சுத் தைக்கிறதில்லையா?"

"அது துணி டீச்சர். இது நான்."

டீச்சர் சொன்ன புத்திமதி அவள் காதுக்கே சப்பென்று இருந்தது. ஆத்திரத்தில் கதவோரம் தரையிலேயே உட்கார்ந்தாள். "சரி, அழு. நல்லா அழு. நான் இங்கயே இருக்கேன்."

உள்ளே விசும்பல் மெல்ல அடங்கியது. "டீச்சர், அங்க கீழ ஈரமா இருக்குமே?"

"ஈரமாத்தான் இருக்கு! அதான் சீக்கிரம் வான்னு சொல்றேன்."

தாழ்ப்பாள் திறந்தது.

வகுப்பின் பின்சுவரில் யாரும் தொடாத பழைய கரும்பலகை ஒன்று இருந்தது. டீச்சர் ஈரப் புடவையோடு நேரே அதனிடம் போய்த் தூசியைத் துடைத்தாள். "எல்லாரும் பெஞ்சைத் திருப்பிப் போடுங்க."

பெஞ்சுகள் இழுபட்ட சத்தத்தில் மருந்துக் கடைக்காரர் தெருவுக்கு வந்து மேலே பார்த்தார். கடைசி பெஞ்சு முதல் பெஞ்சாயிற்று.

"டீச்சர், எனக்கு போர்டு தெரியல" என்றான் முதல் மதிப்பெண் பையன்.

"இவங்களுக்கு இத்தனை மாசமாத் தெரியல. ஒருத்தராவது வாயைத் திறந்தாங்களா?"

மறுநாளே முதலாளி கூப்பிட்டுவிட்டார். "என்ன கூத்து டீச்சர் இது? அந்தப் பையனோட அம்மா போன்ல என்னைப் பிடிபிடின்னு பிடிச்சிட்டாங்க."

"மத்த அம்மாக்கள் இன்னும் பிடிக்காம இருக்கிறதுதான் ஆச்சரியம். இடம் மாத்துறதை நிறுத்துங்க சார். இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க."

தேர்வு நெருங்கும் நேரத்தில் கணக்கு டீச்சர் கிடைப்பது குதிரைக்கொம்பு. முதலாளி மூக்கைச் சுருக்கிக்கொண்டே நிறுத்தினார்.

அதனால் அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. நுழைவுத்தேர்வில் தையல்காரர் மகள் தேறவில்லை. பல நாள் கழித்துத்தான் வந்து நின்றாள்.

"அப்பா திரும்ப எழுதச் சொல்றார் டீச்சர். எனக்கு வேணாம். புள்ளியியல் படிக்கலாம்னு இருக்கேன்."

"படி. யாரு தடுத்தா?"

"திட்டுவீங்கன்னு நெனச்சேன்."

"திட்டத்தான் போறேன். ரிசல்ட் வந்த அன்னிக்கே ஏன் வரல? போனையும் அணைச்சு வச்சிட்டா நான் என்னன்னு நெனைக்கிறது? உங்க வீட்டுத் தெருவுக்கு எத்தனை நடை நடந்தேன் தெரியுமா?" டீச்சர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தையல்காரர் மகள் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் பருவத்திலேயே ஒரு பாடத்தில் தோற்றாள். முடிவு வந்த சாயங்காலமே டீச்சருக்குப் போன் செய்தாள். டீச்சர் கிழித்த கிழியில் டீச்சரின் கணவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"திட்டி முடிச்சிட்டீங்களா டீச்சர்?" என்றாள் அவள். "முடிச்சிட்டா சொல்லுங்க, தோத்த பேப்பர்ல ரெண்டாவது கேள்வியை நான் எப்படிப் போட்டேன்னு படிச்சுக் காட்டுறேன்."