பத்து மடங்கு முக்கோணம்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர், நண்பர், அண்ணனின் பழைய மாணவர்கள் அனைவருக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இக்குடும்பத்தில் உண்டு. ஆனாலும் நான்தான் எழுதுவேன் என்று அடம் பிடித்து வாங்கிக்கொண்டேன். அண்ணனின் திருமணம் ஏன் ஓராண்டு தள்ளிப்போயிற்று என்ற பேச்சு நம் உறவில் இன்றுவரை ஓயவில்லை. ஜாதகக் கோளாறு என்பார்கள் சிலர். பெண் வீட்டுக்குப் பிடிக்கவில்லை என்பார்கள் சிலர். இரண்டும் இல்லை. காரணம் நான்தான்.

எழுமலைப் பக்கம், மழையை நம்பிச் சோளம் விதைக்கும் குடும்பத்தில் மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். எனக்கும் அவருக்கும் பதினோரு வயது வித்தியாசம். இடையில் பிறந்த இருவர் தங்கவில்லை. சின்ன வயதிலேயே அண்ணனுக்கு ஏன், எப்படி என்று கேட்கும் வியாதி இருந்தது. மாடு பூட்டிக் கமலையில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும்போது மாடு பின்னால் வரும் தூரமும் கிணற்றின் ஆழமும் ஒன்றா என்று கேட்டு, கயிற்றை அவிழ்த்துப் போட்டு அளந்து, எங்களைப் பெற்ற அய்யாவிடம் முதுகில் அடி வாங்கியவர் அவர்.

இப்படிப்பட்டவர் பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தேறாமல் போனார் என்றால் நம்புவீர்களா? அந்தக் காலத்தில் ஜாமெட்ரி என்றால் மனப்பாடம்தான். நிரூபணம் முழுவதும் இங்கிலீஷில் இருக்கும். முக்கோணத்தின் மூலைகளுக்கு ஏ, பி, சி என்று பெயர். அந்த வருஷத்துத் தாளில் எக்ஸ், ஒய், இசட் என்று கேட்டுவிட்டார்கள். அண்ணனுக்கு ஒரு வரியும் ஓடவில்லை. ஊருக்குத் திரும்பியவரிடம் அய்யா, "படிச்சது போதும்ப்பா, ஏரைப் பிடி" என்றார்.

"பிடிக்கிறேன்ய்யா. எழுத்து மாறுனா எனக்கு ஏன் கணக்கே மறந்துபோகுதுன்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் போனவர்தான். அடுத்த முறை தேறி, கல்லூரியில் கணிதம் படித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, சிம்மக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தார். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பு அது. கையோடு என்னையும் அழைத்துவந்து அதே பள்ளியில் நான்காம் பாரத்தில், அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்பில், சேர்த்தார். வீட்டில் 'அண்ணே', வகுப்பில் 'சார்'. வாய் தவறி வகுப்பில் அண்ணே என்று கூப்பிட்டுவிட்டு நான் பட்ட கேலி கொஞ்சநஞ்சமல்ல.

அண்ணனுக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்தில் அண்ணியைப் பார்த்துப் பேசி வைத்திருந்தார்கள். அண்ணியின் தகப்பனார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "வேலை நிரந்தரமான மறுவாரம் தேதி குறிப்போம்." பள்ளி இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதிவிட்டுப் போனால் வேலை நிரந்தரம். ஆக, அண்ணனின் உத்தியோகம், கல்யாணம் இரண்டும் அந்த ஒரு நாளில் மாட்டிக்கொண்டிருந்தன.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வகுப்புக்கும் 'இன்ஸ்பெக்‌ஷன் தியரம்' என்று ஒன்றைத் தலைமையாசிரியர் ஒதுக்கிவிடுவார். கையெழுத்து நன்றாக உள்ள ஒரு பையனுக்கு அதை ஒரு மாதம் உருவேற்றுவார்கள். இன்ஸ்பெக்டர் வந்ததும் தலைமையாசிரியரின் கண் தற்செயலாக அவன்மேல் விழும். அந்த ஆண்டு அந்தக் கண்ணுக்கு அகப்பட்ட பையன் நான். தியரம், முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் இரண்டு செங்கோணம் என்பது. அண்ணனுக்கு இந்த ஏற்பாடு துளியும் பிடிக்கவில்லை. ஆனால் தலைமையாசிரியரை எதிர்த்துப் பேசும் நிலையில் அவர் இல்லை.

நான் உருப்போட்டேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும்: அந்தத் தியரத்தில் எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. சின்ன முக்கோணத்துக்கும் பெரிய முக்கோணத்துக்கும் கூட்டுத்தொகை எப்படி ஒன்றாக இருக்கும்? வெள்ளைக்காரன் சொல்லிவிட்டான், எழுதித் தொலைப்போம் என்று இருந்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தலைமையாசிரியரின் கண் என்மேல் விழுந்தது. நான் கரும்பலகைக்குப் போய்ப் படம் போட்டு, இணைகோடு இழுத்து, கடைசி வரிவரை அச்சடித்தாற்போல எழுதினேன். "வெரிகுட்" என்றார் இன்ஸ்பெக்டர். தலைமையாசிரியரின் முகம் மலர்ந்தது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

"ஐயா, இவனை நான் ஒண்ணு கேட்கலாமா?" என்றார் அண்ணன். பலகையின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு முக்கோணம் வரைந்தார். "இதையே எல்லாப் பக்கமும் பத்து மடங்கு நீட்டிப் பெரிசாப் போட்டா, மூணு கோணமும் சேர்ந்து எம்புட்டு வரும்?"

எனக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் எனக்குத் தெரிந்த கேள்வியைக் கேட்டுவிட்டாரே! "அதுவும் பத்து மடங்கு, சார்" என்றேன்.

வகுப்பில் பாதிப் பேர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். மாணவர்களுக்கு அடிப்படையே புரியவில்லை, ஓராண்டு கழித்து மறுபடி பார்க்கலாம் என்பது அதன் சாரம். அவர் போனபின், "சும்மா இருந்திருந்தா இந்நேரம் வேலை நிரந்தரமாகியிருக்குமே, ஏன் சார் வாயைக் கொடுத்தீர்?" என்று தலைமையாசிரியர் தாளித்தார். அண்ணன் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "எழுதும்போது அவன் முகம் சரியில்ல சார். என்னன்னு கேட்காம இருக்க முடியல."

அன்று சாயங்காலம் வீட்டில் அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அண்ணன் எனக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார். "கோணம் எங்கடா இருக்கு? தொட்டுக் காட்டு" என்றார். நான் முக்கோணத்தின் இரண்டு பக்கங்களையும் முழுக்கத் தடவிக் காட்டினேன். "கோடு நீளமானா நடுவுல இருக்கிற எடமும் பெரிசாகுதுல்ல அண்ணே? அதானே கோணம்?"

அண்ணன் எழுந்து போய் ஜன்னல் கதவைப் பாதி திறந்தார். வாசல் கதவையும் அதே அளவு திறந்தார். "எது அதிகமாத் திரும்பியிருக்கு?" என்றார். ஜன்னல் கதவு ஒரு முழம். வாசல் கதவு ஆள் உயரம், அகலமும் அதைவிடக் கூடுதல். நான் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவுதான் திரும்பியிருந்தன. கோணம் என்பது அந்தத் திருப்பம்தான், கோட்டின் நீளம் இல்லை என்பது அந்த நிமிஷத்தில் எனக்குள் போய் உட்கார்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. உத்தியோகமும் கல்யாணமும் தள்ளிப்போய் நொந்திருக்க வேண்டிய மனுஷர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். "இம்புட்டு நாளா நான் இதைக் கேட்கவே இல்லையேடா! எத்தனை பேரு இப்படி நெனச்சுக்கிட்டு இருக்கானோ!"

மறுநாள் வகுப்பில் ஒவ்வொருவனையும் கோணத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னார். பெரும்பாலானவர்கள் என் கட்சி. அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டார். பையன்கள் சொல்லும் தப்பான பதில்களை மட்டும் எழுதும் நோட்டு. ஆனையூரிலிருந்து நடந்து வரும் ஒருவன், "நேத்துத்தான் எக்ஸ் அஞ்சுன்னு கண்டுபிடிச்சோமே சார், இன்னைக்கு ஏன் மறுபடி தேடுறோம்?" என்று கேட்டானாம். அதைக் கேட்ட அன்று அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சதுரத்தை முனையில் நிற்க வைத்தால் அது சதுரம் இல்லை என்றவனும் அதில் உண்டு. யார் பெயரும் இருக்காது. பதிலும், அவன் ஏன் அப்படி நினைத்திருப்பான் என்ற ஊகமும் மட்டும் இருக்கும். ஓய்வு பெறும்வரை அப்படிப் பத்தொன்பது நோட்டுகள் நிரம்பின. நல்ல பதில் சொன்னவனை அண்ணன் மறந்துவிடுவார். தப்புச் சொன்னவனை மறக்கவே மாட்டார்.

மறு ஆண்டு வேறொரு இன்ஸ்பெக்டர் வந்தார். வேலை நிரந்தரமாயிற்று, திருமணமும் நடந்தது. இரு பெண்களையும் ஒரு பையனையும் வளர்த்து ஆளாக்கினார். யாரையும் கணக்குப் படி என்று வற்புறுத்தியதில்லை. கோபம் வராதவர் என்று சொல்ல மாட்டேன். மனப்பாடம் செய்து ஒப்பிப்பவனைக் கண்டால் வரும். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், உள்ளே போன மருந்து எவ்வளவு நேரத்தில் பாதியாகக் குறையும் என்று டாக்டரைக் கேட்டு, அவரை மருந்துச் சீட்டின் பின்பக்கம் கோடு வரைய வைத்தார். இரண்டு நாள் கழித்துக் காலமானார்.

அந்த நாட்களில் இரவு பகல் பாராமல் உடனிருந்த மருமக்களுக்கும், பொறுமையாகப் பதில் சொன்ன டாக்டருக்கும், தகவல் கேட்டதும் ஓடிவந்து பாடையைத் தோளில் தாங்கிய பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் மேலாக அண்ணிக்கு. அச்சுக்குக் கொடுக்குமுன் இக்கட்டுரையை அவரிடம் படித்துக் காட்டி, "அந்த ஒரு வருஷம் என்னாலதான் போச்சு அண்ணி, மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"இதையா தம்பி இம்புட்டு நாளா மனசுல வச்சிருந்தீக?" என்றார் அண்ணி. "உங்க அண்ணே அந்த வாரமே எங்க வீட்டுக்கு வந்து சொல்லிட்டாரே. வேலை தள்ளிப்போச்சுன்னு ஒரு வார்த்தைதான். மிச்ச நேரம் பூரா நீங்க என்ன சொன்னீக, ஏன் அப்படிச் சொன்னீகங்கிற பேச்சுத்தான். எங்கப்பா, பிழைக்கத் தெரியாத ஆளு, வேற எடம் பாப்போம்னாரு. நான் உள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். தெரியாதவுகளை வையாம, ஏன் தெரியலன்னு யோசிக்கிற மனுசன். எனக்கும் ஒண்ணும் தெரியாது, எழுதப் படிக்கக்கூடத் தெரியாது. எத்தனை வருஷம் ஆனாலும் இவருக்குத்தான் காத்திருப்பேன்னு எங்கப்பாகிட்டச் சொல்லிட்டேன்."