மாடு தின்ற உப்பு

என் பிள்ளைகளில் யாராவது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றால் இன்றைக்கும் நான் செய்கிற வேலையை நிறுத்திவிடுகிறேன். எட்டு வயதில் நானும் ஒரு நாள் அப்படித்தான் நின்றேன்.

அப்போது நாங்கள் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் அப்பா கீரை போட்டிருந்தார். கொட்டகையில் பால் வற்றிப்போன ஒரு கிழப் பசு நின்றது. சாணிக்காக மட்டுமே அதை வைத்திருந்தோம். கப்பல் சரக்குக் கிட்டங்கியில் வேலை செய்த சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். ஒரு நாள் அவர் சிறு மூட்டை ஒன்றில் சீமை உரம் கொண்டுவந்தார். வெள்ளையாக, பொடிக் கல்லாக இருந்ததால் வீட்டில் எல்லோரும் அதை உப்பு என்றே சொன்னோம்.

“இத போட்டா மாடு எதுக்குண்ணே? கொட்டகை எடத்துலயும் கீரை போடலாம்லா.”

அப்பாவுக்குச் சுருக்கென்றது. “ரெண்டு பாத்தி போடுவோம். ஒண்ணுல என் சாணி, ஒண்ணுல உன் உப்பு. உன்னுது எடை கூட வந்தா மறுநாளே மாட்ட வித்துடறேன்.”

கிழ மாட்டை யார் வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். சந்தைக்குப் பாசார் என்போம்; அங்கே கசாப்புக் கடை வழியாகத்தான் நாங்கள் நடப்போம்.

ஒரே விதை, ஒரே கிணற்றுத் தண்ணீர். இரண்டாம் வாரம் சித்தப்பாவின் பாத்தி கரும்பச்சையாக எழுந்து நின்றது. அப்பாவின் பாத்தி வெளிறிக் கிடந்தது. அப்பா வெற்றிலை போடுவதையும் அந்தப் பக்கம் பார்ப்பதையும் விட்டுவிட்டார். அவர் பாசாருக்குப் போகும் நேரங்களில் நான் மூட்டையிலிருந்து உப்பை அள்ளி, சித்தப்பா செய்வதுபோலவே தண்ணீரில் கரைத்து அப்பாவின் பாத்தியில் ஊற்றினேன். சில நாளில் அதுவும் கறுத்தது. அப்பா மறுபடியும் வெற்றிலை போட ஆரம்பித்தார்.

எடை போடுவதற்கு முதல் நாள் மாலை என் பாவாடை மடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. தினமும் கழுநீரில் உப்புப் போட்டுத்தான் மாட்டுக்கு வைப்போம். பிழைக்கப்போகிறதே என்ற சந்தோஷத்தில் இரண்டு கை அள்ளித் தொட்டியில் போட்டேன். மாடு சொட்டு விடாமல் குடித்தது.

கொஞ்ச நேரத்தில் அதன் வயிறு உப்பியது. வாயில் நுரை தள்ளிக் கீழே சாய்ந்தது. “என்னத்தத் தின்னுச்சு? யாராச்சும் பாத்தீங்களா?” என்று அப்பா கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். சொன்னால் பாத்தி விஷயம் வெளிவரும், மாடு கசாப்புக்குப் போகும். சொல்லாவிட்டால் இங்கேயே சாகும்.

வேலையிலிருந்து வந்த சித்தப்பா முதலில் மாட்டைப் பார்த்தார், பிறகு வெள்ளைப் பொடி ஒட்டியிருந்த என் பாவாடையைப் பார்த்தார். குனிந்து, “எவ்வளவு பாப்பா?” என்று காதோடு கேட்டார். இரண்டு விரலைக் காட்டினேன். அவர் அடுப்படிக்கு ஓடிப்போய்ப் புளிக்காடி ஜாடியைத் தூக்கிவந்தார். தண்ணீர் கலந்து, மூங்கில் குழாயால் மாட்டின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.

“மாட்டுக்கு எதுக்குடா காடி?”

“உப்பத் தின்னுருக்குண்ணே. அதுக்குப் புளிப்புதான் மாத்து. மூட்டை வாயைக் கட்டாம வச்சது நான்தான்.”

அப்பா அவரை அறைந்தார். அதற்கு முன்பு அவர் தம்பியைக் கைநீட்டி அடித்து நான் பார்த்ததில்லை. சித்தப்பா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் மாடு தள்ளாடி எழுந்தது.

மறுநாள் தராசில் அப்பாவின் கீரை கனத்தது. சித்தப்பா அந்தப் பாத்தியோரம் குந்தினார். வரப்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்தார். எழுந்து அதைக் காலால் தேய்த்துவிட்டு, “சாணிதாண்ணே கெலிச்சிருக்கு” என்றார்.

அந்த மாதமே அவர் கடலுக்கு அக்கரையில் ஒரு தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். மூட்டையும் அவரோடு போனது. தெரிந்தே அவர் ஏன் தோற்றார் என்று நான் யோசிக்கவில்லை. சாணியும் உப்பும் சேர்ந்தே அந்தப் பாத்தி கனத்தது என்பதும் எனக்கு உறைக்கவில்லை. மாடு இருந்தது, அது எனக்குப் போதும்.

அடுத்த போகத்தில் அப்பா இரண்டு பாத்திக்கும் சாணியே போட்டார். இரண்டும் வெளிறின. “போன தடவை எப்படி வந்துச்சு. இந்த வெதை சரியில்ல போல” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினேன்.