மழித்த முகத்துக்காரன்

அண்ணன் தம்பி இருவரில் உண்மையான ஹட்டிக்காரன் யார்? ஒரு ரோமாபுரிக்காரர் எங்கள் ஊருக்கு வந்தபோது இந்தக் கேள்வி எழுந்தது. அண்ணன் ஹரிவுல்ஃபுக்கு மட்டும் பதில் தெரிந்திருந்தது: தான்தான்.

அதில் நியாயமும் இருந்தது. ரோமாபுரிக்கு வடக்கே காட்டில் வாழும் எங்கள் ஹட்டிக் குடியில், மீசை அரும்பிய நாளிலிருந்து தலைமுடியையும் தாடியையும் வெட்டக் கூடாது. முதல் எதிரியைக் கொன்ற பிறகு, விழுந்து கிடப்பவன் மேல் நின்றுதான் முகத்தை மழிக்க வேண்டும். மீசை தடிக்கும் முன்பே பகைக் குடியைச் சேர்ந்த ஒரு செருஸ்கியனை வீழ்த்தி மழித்துக்கொண்டவன் ஹரிவுல்ஃப். பிறகு வீடு, மாடு, மனைவி அடலா என்று எல்லாம் வந்து சேர்ந்தன.

தம்பி வந்தமாருக்கு ஒன்றும் வரவில்லை. ஒருவனைக் கொல்லும்வரை கழற்றுவதில்லை என்று அவமானச் சின்னமாக மாட்டிய இரும்பு வளையம் அவன் கையிலேயே துருப்பிடித்தது. போரில் முன்வரிசையில்தான் நிற்பான். வெட்டாத முடியும் தாடியுமான அந்தக் கோலத்தைப் பார்த்ததும் எதிரி ஓடிவிடுவான். மற்ற நாளில் எந்த வீட்டில் பானை கொதிக்கிறதோ அங்கே உட்கார்ந்துவிடுவான். பெரும்பாலும் அண்ணன் வீடுதான்.

உப்பு வியாபாரியோடு வந்த அந்த ரோமாபுரிக்காரர், தானியம் பிரிப்பதுபோல மனிதர்களைக் குடிகுடியாகப் பிரித்தார். முடியை முடிச்சுப் போட்டால் ஸ்வேபியர், குதிரையில் கெட்டி என்றால் டென்க்டெரியர். எல்லாம் அவர் எழுதும் புத்தகத்துக்காக மெழுகுப் பலகையில் ஏறியது. தன் பேரும் அதில் ஏற வேண்டும் என்று ஹரிவுல்ஃபுக்கு ஆசை. கொழுத்த பன்றியை அறுத்தான், வாற்கோதுமை மதுவை ஊற்றினான். விருந்தாளியின் கண்ணோ மூலையில் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த வந்தமார் மேலேயே இருந்தது.

"யாரு அந்த வீரன்னு கேக்குறாரு," என்றான் உப்பு வியாபாரி.

"வீரனா? ஓசிச் சோறுங்க அது! வளையம் மானம்போனதுக்குப் போட்டது," என்றான் ஹரிவுல்ஃப்.

வியாபாரி அதை மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டதும் ரோமாபுரிக்காரர் துள்ளி எழுந்தார். அவமானத்தைத் தானே விரும்பிச் சுமக்கிறவனா! எழுத்தாணி பறந்தது.

அடலா கணவனின் விலாவில் இடித்தாள். "பன்றி நம்முது, பேரு உங்க தம்பிக்கு. நல்லா இருக்கே!"

ஹரிவுல்ஃபுக்கு வயிறு எரிந்தது. விடிந்ததும் ரோமாபுரிக்காரரின் குதிரையை மறித்தான். "என்னையும் எழுதச் சொல்லு. நானும் ஹட்டிக்காரன்தான்."

ரோமாபுரிக்காரர் அவன் வழுவழுத்த கன்னத்தைப் பார்த்துச் சிரித்தார். வியாபாரி தலையைச் சொறிந்தான். "கோச்சுக்காதப்பா. நீ அவரு ஊரு ஆளு மாதிரியே இருக்கியாம். எழுதுனா படிக்கிறவங்க நம்ப மாட்டாங்களாம்."

அன்றிலிருந்து ஹரிவுல்ஃப் மழிக்கும் கத்தியைத் தொடவில்லை. முகத்தில் முள் முளைத்ததும் கிணற்றடியில் ஊரார் கேலியை ஆரம்பித்துவிட்டார்கள். "என்ன மாமா, செத்த செருஸ்கியன் எந்திரிச்சு வந்துட்டானா?"

சாயங்காலம் வந்தமார் வேலியோரம் வந்து நின்றான். "அண்ணே, இந்த வளையத்த நீ எடுத்துக்க. வீட்ட எனக்குக் குடு. அண்ணி கஞ்சியும் எனக்குப் பழகிப்போச்சு."

"கழட்டுடா பாப்போம்!" என்று ஹரிவுல்ஃப் அவன் கையைப் பிடித்து இழுத்தான். வளையம் அசையவில்லை. மணிக்கட்டுச் சதை அதைச் சுற்றி வளர்ந்திருந்தது.

"வராதுண்ணே," என்றான் வந்தமார் மெதுவாக. "ஆளு இல்லாதப்போ எத்தனையோ தடவ இழுத்துப் பாத்துட்டேன். உன் வாசல்ல நிக்கும்போதெல்லாம் உன்ன மாதிரி இருக்கணும்னு தோணும்."

அண்ணன் கையை விட்டான். தனக்கிருந்த அதே எரிச்சல் தம்பிக்கு எத்தனை காலமாக இருந்திருக்கிறது! மறுநாள் முகத்தை மழித்தான். அன்றிலிருந்து தம்பிக்கு முதல் கிண்ணம் அவன் கையாலேயே போனது.

ஆனாலும் பொறாமை அவ்வளவு லேசில் போகுமா? உப்பு வண்டி வரும்போதெல்லாம், கிழவனான பிறகும், ஒரே கேள்விதான்: "அந்தாளு எழுதுனதுல என் பேரு வந்துச்சா?"

வரவில்லை. தாடியும் வளையமும்தான் ரோமாபுரிக்குப் போயின. அதனால் இந்தக் கதையைக் கேட்டவர்கள் இதை இன்னொருவர் காதில் போடுங்கள்: ஹரிவுல்ஃப் என்று ஒருவன் இருந்தான், முகம் மழித்தவன், அவனும் ஹட்டிக்காரன்தான்.