மாடி வீட்டுக் குழந்தைக்கு ஊற்றிய தண்ணீர்

என் மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. டெங்கு போய்விட்டது, தட்டணுக்கள் ஏறிவிட்டன, நேற்று ரசம் சாதம் வேண்டாம் பிரியாணிதான் வேண்டும் என்று சண்டைகூடப் போட்டான். ஆனாலும் அவன் சோபாவில் படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எதையோ எடுக்கப் போகிறவள் போலப் போய் அவன் நெற்றியில் கை வைத்துவிட்டு வருகிறேன். "அம்மா, இப்பதானே தொட்ட?" என்கிறான். தொட்டேன்தான். காய்ச்சல் மாத்திரைக்கு இறங்கிவிட்டது, எனக்குத்தான் இன்னும் இறங்கவில்லை.

அப்படிக் கை வைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இன்னொரு குழந்தையின் நெற்றி.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மயிலாப்பூரில், பேராலயத்திலிருந்து கடல் பக்கம் போகும் ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழே அப்பா, அம்மா, நான், கல்யாணம் செய்துகொள்ளாத பெரிய அத்தை. மாடியில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருந்த அண்ணாச்சியும் அவர் மனைவியும். அவளை நான் மாடி அக்கா என்பேன். கல்யாணமாகி வெகு காலம் கழித்து அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது.

அத்தை கன்னியாஸ்திரீகள் நடத்திய பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சாயங்காலம் ஆனால் அக்கா குழந்தையைக் கொண்டுவந்து அத்தையின் மடியில் போட்டுவிட்டு விளக்கேற்ற மேலே போவாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அத்தை பகல் முழுவதையும் ஓட்டுகிறாள் என்று அம்மா அப்பாவிடம் சொல்வது எனக்குக் கேட்டிருக்கிறது.

கிறிஸ்தவ வேதம் பரப்புவது எங்களுக்குக் கிட்டத்தட்டக் குடும்பத் தொழில். கூடத்தில் ஒரு பழைய போட்டோ மாட்டியிருந்தது. தாடி வைத்த வெள்ளைக்காரச் சாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் மடக்கிய குடையோடு நிற்பவர் அப்பாவின் தாத்தா. அவர் உபதேசியார். சாமியாரோடு மாட்டு வண்டியில் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், சாமியார் பேசிய தமிழை ஜனங்களுக்குப் புரியும் தமிழில் திரும்பச் சொல்வது அவர் வேலை. ஓர் ஊரில் எத்தனை தலைகளில் ஞானஸ்நானத் தண்ணீர் விழுந்தது என்பதுதான் அவர்கள் காலத்தில் வெற்றிக்கு அளவு.

அத்தை காலத்தில் அந்தக் கிராமம் ஆஸ்பத்திரி வார்டாக மாறியிருந்தது. பிழைக்காது என்று டாக்டர் கைவிட்ட குழந்தைகளுக்கு, யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல், நர்ஸ்களே ஓரமாக நின்று ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். சாகும் ஆபத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது சபையின் சட்டம். பெற்றவர்களிடம் சொல்வதில்லை. சொன்னால் அழுகையோடு சண்டையும் சேரும். குழந்தை நேராக மோட்சத்துக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

அத்தையின் தம்பி, என் சித்தப்பா, குருவானவர். அடையாற்றங்கரைக் குடிசைகளுக்கு நடுவே அவருக்கு வேலை. குடிதண்ணீருக்காக ஜனங்களோடு கார்ப்பரேஷன் வாசலில் போய் உட்காருவார், சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவார். யாரையும் கோயிலுக்கு வா என்று அழைத்ததே இல்லை. அத்தைக்கு அது பொறுக்காது.

"பிஷப் ஆண்டவர் இவனைக் கோயில் கட்ட அனுப்பினா, இவன் தண்ணிக் குழாய் போட்டுக்கினு இருக்கான்."

"நீங்க சொட்டுச் சொட்டா ஊத்தினீங்கக்கா. நான் குழாயிலயே வுடறேன்" என்பார் சித்தப்பா.

ஒரு மழைக்காலத்து மத்தியானம் மாடியிலிருந்து அக்காவின் அலறல் கேட்டது. அத்தையும் நானும் ஓடினோம். குழந்தைக்குக் காய்ச்சலில் ஜன்னி கண்டிருந்தது. கை கால் வெட்டி இழுத்தது, கண் மேலே செருகியிருந்தது. அண்ணாச்சி கடையில் இருந்தார். அம்மா தெருமுனைக்கு ஆட்டோ பார்க்க ஓடினாள், தெருவில் முழங்கால் தண்ணீர். அத்தை குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, துணியை நனைத்து உடம்பு முழுக்கத் துடைத்தாள். இழுப்பு நின்றது. ஆனால் குழந்தை அதற்குப் பிறகு அசையவே இல்லை, உதடு நீலமாக இருந்தது. அக்கா சுவரோரம் சரிந்து தரையில் கிடந்தாள். மயக்கம் என்று நினைத்தேன்.

அத்தை ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம், "தண்ணி கொண்டா" என்றாள். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தேன். அதில் விரல் நனைத்துத் துடைக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் குழந்தையின் நெற்றியில் மூன்று தரம் ஊற்றினாள். உதடு மட்டும் அசைய, "பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே" என்று அவள் காலத்துப் பழைய வார்த்தைகளில் சொன்னாள்.

அம்மா எப்படியோ ஓர் ஆட்டோவோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தை பிழைத்துக்கொண்டது. நாலைந்து நாளில் வீட்டுக்கு வந்து பழையபடி அத்தையின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்க ஆரம்பித்தது. அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னைக்குப் பாத்ததை யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றாள்.

எல்லோருக்கும் நிம்மதி, என்னைத் தவிர. அந்த வருஷம் நான் புதுநன்மை, அதாவது முதல்முறையாக நற்கருணை அப்பம், வாங்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். ஞானஸ்நானம் வாங்கியவன் ஆத்துமத்தில் விழுந்த முத்திரை அழியவே அழியாது, அவன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராவிட்டால் சாவான பாவம், அதோடு செத்தால் நரகம் என்று வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். மாடிக் குழந்தையோ ஞாயிற்றுக்கிழமைகளில் கபாலி கோயில் குளத்துக்குப் பொரி போடப் போகிறது. செத்திருந்தால் மோட்சம் போயிருக்கும். பிழைத்ததால் நேராக நரகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அத்தைக்கு இது தோன்றவே இல்லையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவளுடைய வார்டில் ஞானஸ்நானம் வாங்கிய எந்தக் குழந்தையும் பிழைத்து வந்து அவள் மடியில் உட்கார்ந்ததில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஆகவே பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். எங்கள் வம்சத்தில் அடுத்த உபதேசியார் நான்தான். சாயங்காலம் அத்தை காப்பி போட எழுந்திருக்கும்போது குழந்தையின் கையைப் பிடித்து நெற்றி, மார்பு, தோள் என்று சிலுவை போடப் பழக்கினேன். கெட்டிக்காரப் பிள்ளை. நெற்றியும், மார்புக்குப் பதில் வயிறும் சீக்கிரம் வந்தன. தோளுக்கு மட்டும் வராமல் கைதட்டி முடித்துக்கொள்ளும்.

ஒருநாள் அது பிள்ளையார் படத்துக்கு முன்னால் அதையே செய்து காட்டியிருக்கிறது. அண்ணாச்சி மாடிப்படியில் நின்று எங்களைக் கூப்பிட்டார். "பாப்பா, இங்க வந்து பாரு! பிள்ள சாமி கும்புடுதான்! யாரும் சொல்லிக் குடுக்கல, தானா கும்புடுதான்!" அக்கா மட்டும் குழந்தையைப் பார்க்காமல் என்னையே பார்த்துச் சிரித்தாள்.

அந்த வாரமே அண்ணாச்சி வந்து, திருச்செந்தூரில் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்தப் போகிறோம், நீங்கள் எல்லாரும் வர வேண்டும், நர்சம்மா கட்டாயம் வர வேண்டும் என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். எனக்குத் தூக்கம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா சாப்பிட வந்தபோது, மீன் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தில், எல்லார் முன்னாலும் கேட்டேன். ஞானஸ்நானம் வாங்கினவன் முருகனுக்கு மொட்டை போட்டால் பாவம் அவனுக்கா, கூட்டிப்போனவர்களுக்கா?

சித்தப்பா சிரித்துக்கொண்டே, "யாருடி அது?" என்றார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை தட்டைப் பார்த்தாள். சித்தப்பாவின் சிரிப்பு நின்றது.

"அக்கா, மாடிப் பிள்ளைக்கா?"

"செத்துக்கினு இருந்துச்சுடா."

"யாரைக் கேட்டு ஊத்தினீங்க?"

"சாகக் கெடக்கிற பிள்ளைக்கு யாரைடா கேக்கணும்? உன்னையா, போப்பையா?"

"அவன் அம்மாவை."

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. போட்டோவைக் கை காட்டினாள். "கப்பல்ல வந்த அந்தச் சாமியார் யாரையும் கேட்டுக்கினு வரல. அவங்க வரலன்னா நீ இன்னைக்கி அங்கி போட்டுக்கினு எனக்கு நியாயம் பேசுவியா?"

"அவங்களால தான் நான் இருக்கேன். இல்லன்னு சொல்லல. ஆனா அவங்க செய்யாம விட்டது ஒண்ணு இருக்கு. கேக்கிறது." சித்தப்பா கை கழுவி வந்து அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "இது நாளைக்கு வேற யார் வாயிலிருந்தாவது அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? நீங்களே போய்ச் சொல்லிடுங்கக்கா."

"சொன்னா பிள்ளையை என்கிட்டத் தர மாட்டா" என்றாள் அத்தை. அத்தனை பிரசவம் பார்த்தவள், சின்னப் பெண் மாதிரிச் சொன்னாள்.

அப்பா செய்தித்தாளைப் பிரித்து முகத்தை மூடிக்கொண்டார். அம்மா குழம்பை உள்ளே எடுத்துப்போனாள். அன்று சாயங்காலம் அக்கா குழந்தையைக் கொண்டுவரும் வரை அத்தை காத்திருக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள்.

அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை உட்காரவில்லை. நின்றபடியே, ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் விவரம் சொல்வது போல ஒன்றுவிடாமல் சொன்னாள். என்ன ஊற்றினேன், என்ன சொன்னேன், அதற்கு எங்களிடம் என்ன அர்த்தம். "உன்னைக் கேட்டிருக்கணும். கேக்கல" என்று முடித்தாள்.

அக்கா சாம்பிராணிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும் நர்சம்மா. நான் முழிச்சிட்டுத்தான கெடந்தேன்."

நான்தான் சொல்லிவிட்டேனோ என்று அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"திருச்செந்தூருக்கு நேந்துக்கிட்டேன், எங்க ஊரு சாஸ்தாவுக்கு நேந்துக்கிட்டேன், மஞ்சத் துணியில நாகூருக்கும் முடிஞ்சு வச்சிருக்கேன். நீங்க உங்க சாமிய மெனக்கெட்டு வீட்டுக்கே கூட்டியாந்தீய. வேண்டாம்னா சொல்லுவேன்?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, நீ சொல்லிக் குடுத்தியே, அந்தக் கும்புடு. தோளு வரமாட்டேங்குது பாரு."

சொல்லிக்கொண்டே குழந்தையை இடுப்பிலிருந்து எடுத்து அத்தையின் கையில் கொடுத்தாள். அத்தை அதன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளை கிடைத்துவிட்டதே, பிறகு ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மோட்சத்தின் ஒரே வாசலில் நின்று வாழ்நாளெல்லாம் குழந்தைகளை உள்ளே அனுப்பியவளுக்கு, அந்த வீட்டில் நாலு வாசல்களில் ஒன்றாக இடம் கிடைத்திருந்தது. அழுததற்கு அது காரணமா, நிம்மதி காரணமா, இரண்டுமா, இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியாது.

திருச்செந்தூருக்கு எல்லாரும் போனோம். மொட்டைத் தலையில் சந்தனம் பூச அக்கா அத்தையைக் கூப்பிட்டாள். அத்தை பூசினாள்.

அத்தை போய்ப் பல வருஷம் ஆகிறது. சித்தப்பா இப்போது ஜெர்மனியில், ஒரு சின்ன ஊரின் பெரிய கோயிலில், சில கிழவிகளுக்குப் பூசை வைத்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தாடிச் சாமியார் புறப்பட்டு வந்த ஊர் அங்கிருந்து பஸ்ஸில் போகும் தூரமாம். பூசை முடிந்ததும் கிழவிகளுக்குக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கித் தருவதுதான் தன் மறைபரப்பு என்று போனில் சிரிப்பார். கேட்டுவிட்டுத்தான் வாங்கித் தருகிறீர்களா என்று நான் கேட்பேன்.

மாடிக் குழந்தைக்கு நாற்பது வயது, தொப்பை, தரமணியில் வேலை. என் மகனுக்கு ரத்தம் தேவைப்பட்டபோது அலுவலக நண்பர்களைத் திரட்டிக்கொண்டு முதலில் வந்து நின்றவன் அவன்தான். மறுநாள் கொட்டிவாக்கத்திலிருந்து தன் அம்மாவையும் அழைத்து வந்தான்.

ஐ.சி.யு.வில் பார்க்க விடும் நேரம். என் மகன் கண் திறக்காமல் கிடந்தான். அக்கா முந்தானையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாள். பிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பூசட்டுமாட்டி?"

நான் தலையாட்டினேன். என் கழுத்தில் ஜெபமாலை இருந்தது. அவள் விரல் என் பிள்ளையின் நெற்றியில் இழுத்த கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கோடு மெல்லியதாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பூசினால் என்ன என்று தோன்றியது.

நேற்று அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் மகன் பிரியாணிக்குச் சண்டை போடுவதைக் கேட்டுச் சிரித்தாள். அடுப்படியில் காப்பி ஆற்றும்போது, இத்தனை காலம் கேட்காததைக் கேட்டேன். அன்றைக்கு முழித்துக்கொண்டுதான் கிடந்தீர்கள், அப்புறம் ஏன் அத்தையைத் தடுக்கவில்லை? அக்காவின் மனசு அவ்வளவு பெரிது என்றுதான் நான் சிறுவயதிலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன்.

"தடுக்கவா?" என்றாள் அக்கா. "மூணு தரம் ஊத்திட்டு டம்ளரைக் கீழ வச்சிட்டாவ. அதுல இன்னும் தண்ணி கெடந்துச்சு. அதையும் சேத்து ஊத்த மாட்டாவளான்னுல்லா பாத்துட்டுக் கெடந்தேன்."