மோடம் இணையாத நான்கு நாள்கள்

எண்பதுகளின் கடைசியில் எனக்கு முதுகெலும்பில் வட்டு விலகியது. ஒரு மாதம் வீட்டைவிட்டு நகரக்கூடாது என்றார் டாக்டர். கப்பல் முகவர் அலுவலகமொன்றில் சரக்குப் பட்டியல் தயாரிப்பது என் வேலை. எனக்குப் பதில் ஆள் கிடைக்கவில்லை. மேலாளர் ஒரு கணினியையும், அதைத் தொலைபேசிக் கம்பி வழியாக அலுவலகத்தோடு இணைக்கும் மோடம் என்ற சிறு பெட்டியையும் எங்கள் புக்கிட் மேரா அடுக்குமாடி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். ஓய்வு என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு பகல் முழுக்கத் தட்டச்சு செய்து, மாலை ஐந்துக்குள் பட்டியலை அனுப்ப வேண்டும். முதல் நாளே பட்டியல் போகவில்லை. மோடம் எண்களைச் சுழற்றியது. மறுமுனை எடுத்தது. இரண்டும் கீச்சிட்டன. திரையில் நாலைந்து எழுத்துகள் வந்ததும் இணைப்பு அறுந்துபோனது. ஏழு முறை முயன்றேன். அலுவலகத்தில் கணினியைக் கவனித்துக்கொண்ட சீனப் பெண்ணிடம் கேட்டால், தங்கள் பக்கம் எல்லாம் சரி, என் கம்பியைப் பார்க்கச் சொன்னாள். கடைசியில் பியூன் வந்து, பட்டியலைப் பதிந்த டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் என் கணவர் ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை முடிந்து, கம்பெனி பஸ்ஸில் இறங்கி, அப்படியே தேக்கா கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் கம்பி வாங்கி வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து மாட்டினார்.

“இப்பப் போட்டுப் பாரு.”

கீச்சிட்டது. அறுந்தது.

“நான் வெல்டர் லா. இதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்?”

அவருக்குக் கோபப்படவும் தெம்பில்லை. சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார். எழுப்பிச் சாப்பிடச் சொல்ல எனக்கும் தெம்பில்லை.

மூன்றாம் நாள் காலை தொலைபேசிப் பழுது பார்ப்பவர் வந்தார். எங்களோடு இருந்த மாமனார் தேவாலயத்துக்குப் போயிருந்த நேரம். பழுது பார்ப்பவர் முன்னால் மோடம் ஒரே தடவையில் இணைந்து, நல்ல பிள்ளையாக நின்றது. “லைன் நல்லா இருக்கு மேடம்” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை மறுபடியும் அறுந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதால் முதுகு வலித்தது.

நான்காம் நாள் மோடத்தைச் சுழலவிட்டுவிட்டு, தண்ணீர் குடிக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனேன். மாமனார் அறையைக் கடக்கும்போது அவர் குரல் கேட்டது. அவர் அறையில் அதே இணைப்பில் இன்னொரு தொலைபேசி இருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் இளைய மகன் கூப்பிட்டால் உடனே எடுக்க வேண்டுமென்று அவரே கேட்டு வைத்துக்கொண்டது. ஐந்து மாதமாக அந்த மகனிடமிருந்து அழைப்பில்லை.

கட்டிலில் உட்கார்ந்து, ரிசீவரைக் காதோடு அழுத்தி, “தம்பி, சத்தமாப் பேசுப்பா. இரைச்சலா இருக்கு. ஒண்ணும் கேக்கல” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மோடம் எண்களைச் சுழற்றும்போதெல்லாம் அவருடைய தொலைபேசி மெல்லக் கிணுகிணுத்திருக்கிறது. அவர் எடுத்ததும் என் இணைப்பு அறுந்திருக்கிறது. என் அறையில் கதவு சாத்தி, மின்விசிறி ஓடியதால் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

“மாமா, அது தம்பி இல்ல. என் கம்ப்யூட்டர் போடுற சத்தம்.”

ரிசீவரை மெதுவாக வைத்தார். “நாலு நாளா அவன்தான் விடாமக் கூப்பிடுறான்னு நெனச்சேன்மா. கோயில்ல ஃபாதர்கிட்டகூடச் சொல்லிட்டேன்” என்றார். பிறகு, “உன் வேலையக் கெடுத்துட்டேனா?” என்று கேட்டார்.

“இல்ல மாமா” என்றேன்.

அன்று பட்டியல் முழுதாகப் போய்ச் சேர்ந்தது. நான்கு நாளாக அதற்காகத்தான் மாரடித்தேன். ஆனால் சந்தோஷம் வரவில்லை. அலுவலகச் சீனப் பெண்ணை அழைத்து, கொழுந்தனின் கப்பல் பெயரைச் சொல்லி, எந்தத் துறைமுகத்தில் இருக்கிறதென்று விசாரிக்கச் சொன்னேன். எங்கள் தொழிலில் அது பெரிய காரியமல்ல. ஐந்து மாதமாக எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் உறுத்தியது. வீட்டுக்குப் பேசு என்று கப்பலுக்கு ஒரு டெலக்ஸ் செய்தி போனது.

அடுத்த நாளிலிருந்து நான் அனுப்பும் முன் மாமனாரிடம் சொல்வேன். அவர் தலையாட்டிவிட்டு, வெளியே பொது நடைபாதையில் போய் நிற்பார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் கொழுந்தன் கூப்பிட்டான். இரண்டு நிமிடம்தான் பேசினான். ஏன் இத்தனை நாள் கூப்பிடவில்லை என்று மாமனார் கேட்கவே இல்லை. சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்றுதான் கேட்டார். ரிசீவரை வைத்ததும் எங்கள் பக்கம் திரும்பி, “இளைச்சிருப்பான் போல. குரல்லயே தெரியுது” என்றார்.

மாதம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. இடுப்புப் பட்டையோடு நின்றபடியே போனேன்.